ஆர்தர் கதைப் படங்கள்: மரமா, துத்தநாகமா?

கோடன் | பிப்ரவரி 3, காலை 10.12

ஆங்கில ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி படம் வரைந்த ‘மோர்ட் டார்தர்’ (மாலரி எழுதிய ஆர்தர் மன்னர் கதை) மறுபதிப்பு ஒன்றின் பின்னட்டையில் “மரச்செதுக்கு ஓவியங்கள்” என்று போட்டிருக்கிறார்கள். வில்லியம் மோரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகம் வெளியிட்ட சாசர் கவிதைத் தொகுப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்த மாதிரிதான் தெரிகிறது. அதே கறுப்புக் கரை, அதே கொடி, அதே நீளமுகப் பெண்கள். இரண்டும் மரம்தானே? இந்தப் பாணியில் நிப்பால் வரைந்து லெட்டர்பிரஸ்ஸில் (மேட்டில் மை தடவி அழுத்தும் அச்சு) ஓட்ட எண்ணம். எதைப் பின்பற்றுவது?

துத்தநாகம் | பிப்ரவரி 3, காலை 11.05

சாசர் மரம். மோர்ட் துத்தநாகம். பின்னட்டை தப்பு.

துத்தநாகம் | பிப்ரவரி 3, காலை 11.48

ஒரு வரியில் முடிக்கக்கூடிய விஷயமில்லை, விரித்தே எழுதுகிறேன்.

சாசர் (1896) படங்கள் 87. ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் அவற்றைப் பென்சிலில் வரைந்தார், அதுவும் சாம்பல் நிழலோடு, மென்மையாக. அதை அப்படியே மரத்தில் வெட்ட முடியாது. அச்சுக்கலைஞர் எமரி வாக்கர் அந்தப் பென்சில் படத்தை வெளிறிய பிளாட்டினம் பிரிண்டாக எடுத்துக் கொடுப்பார். ஓவியர் காட்டர்சன்-ஸ்மித் அதன்மேல் சைனீஸ் வைட் என்ற வெள்ளைச் சாயத்தை மெல்லிசாகப் பூசி, கூரான பென்சிலால் ஒருமுறை, பிறகு மெல்லிய தூரிகையும் கறுப்பு மையுமாக இன்னொருமுறை, நிழலையெல்லாம் கோடாக்குவார். பர்ன்-ஜோன்ஸ் பார்த்துத் திருத்துவார். அது போட்டோ வழியாகப் பாக்ஸ்வுட் கட்டைக்கு மாறும். மரச்செதுக்காளர் ஹூப்பர் வெட்டுவார். ஆக, பக்கத்தில் நாம் பார்க்கும் கோடு பர்ன்-ஜோன்ஸ் கையில் பிறந்ததே இல்லை. அவருடைய யோசனை, காட்டர்சன்-ஸ்மித்தின் கோடு, ஹூப்பரின் உளி.

மோர்ட்டில் இந்த நடுக்கைகள் கிடையாது. 1892-ல் பியர்ட்ஸ்லிக்கு 20 வயது. லண்டன் லம்பார்ட் தெருவில் காப்பீட்டுக் கம்பெனி குமாஸ்தா. சீப்சைடு பக்கம் புத்தகக்கடை வைத்திருந்த ஃபிரெடெரிக் எவன்ஸ்தான் அவரைப் பதிப்பாளர் ஜே. எம். டெண்டிடம் கைகாட்டினார். டெண்டின் கணக்கு எளிமையானது: கெல்ம்ஸ்காட் மாதிரி தோற்றம் வேண்டும், கெல்ம்ஸ்காட் செலவு கூடாது. மரம் வெட்டக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது. அதனால் கேமராவும் துத்தநாகத் தகடும். நம்மூர் அச்சகங்களில் பிளாக் மேக்கர் செய்துகொடுத்த அதே ‘லைன் பிளாக்’தான்.

கோடன் | பிப்ரவரி 3, மதியம் 1.20

கண்ணால் பார்த்து எப்படிப் பிரிப்பது? இரண்டும் மேட்டு அச்சுதானே?

துத்தநாகம் | பிப்ரவரி 3, மதியம் 2.02

ஆமாம், இரண்டிலும் மேட்டில்தான் மை. அதனால் கோட்டோரத்தில் மை பிதுங்கிய கறுப்பு விளிம்பு இரண்டிலும் தெரியும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

10 மடங்கு பெரிதாக்கும் லூப்பை (சின்னப் பூதக்கண்ணாடி) எடுங்கள். முதலில் குறுக்குக் கோடுகள். நிப்புக்கு இரண்டு கோட்டைக் குறுக்கே இழுப்பது விளையாட்டு. மரத்தில் அப்படியொரு கறுப்பு வலை வேண்டுமென்றால் நடுவிலிருக்கும் ஒவ்வொரு வெள்ளைச் சதுரத்தையும் தனித்தனியாகத் தோண்ட வேண்டும். செய்வார்கள், ஆனால் சதுரங்கள் சீராக, மூலை கூராக இருக்கும். பேனா வலையில் கோடுகள் சந்திக்குமிடத்தில் மை தேங்கி மூலை உருண்டிருக்கும். அடுத்தது கோட்டின் முனை. மரத்தில் இரண்டு பக்கமும் உளி சீவுவதால் முனை ஊசியாகும். பேனாக்கோடு தொடங்கும் இடத்தில் கொஞ்சம் குண்டாகவோ மொட்டையாகவோ நிற்கும். மூன்றாவது, விரிந்த வெள்ளைப் பரப்பில் ஒட்டாமல் கிடக்கும் சின்னக் கறுப்புத் துணுக்குகள். அமிலம் சரியாக அரிக்காத இடமோ, ரூட்டர் (வெற்றிடத்தைக் குடையும் மெஷின்) விட்டுவைத்த மேடோ. அது தென்பட்டால் துத்தநாகம் என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம்.

இதில் எதுவும் தனியாகச் சாட்சி ஆகாது. மூன்றும் சேர்ந்து வந்தால் சரி.

கோடன் | பிப்ரவரி 3, மாலை 6.31

அப்படியானால் மோர்ட்டில் இருப்பது மொத்தமும் லைன் பிளாக்?

துத்தநாகம் | பிப்ரவரி 3, மாலை 6.40

மொத்தமும்.

துத்தநாகம் | பிப்ரவரி 4, காலை 7.15

“மொத்தமும்” என்றது தவறு. இரண்டு பாகங்களின் முகப்புப் படங்கள் போட்டோகிராவ்யூர். டெண்டுக்கு மாதிரி காட்ட வரைந்த சாங்கிரியல் (புனிதக் கிண்ணம்) படம் ஒன்று, ஆர்தர் வினோத மிருகத்தைக் காணும் படம் இன்னொன்று. மேட்டு அச்சே இல்லை, குழி அச்சு. செப்புத் தகட்டின் பள்ளத்தில் மை நிற்கும், தனித்தாளில் அடித்துச் செருகுவார்கள்.

ஏன் அந்த இரண்டு மட்டும்? பாருங்கள், அவற்றில் மயிரிழைக் கோடு சிலந்தி வலையாக ஓடுகிறது, வாஷும் (நீர்த்த மைப் பூச்சு) உண்டு. லைன் பிளாக்குக்குத் தெரிந்தது கறுப்பு, வெள்ளை இரண்டே. வாஷ் என்றால் ஒன்று கரியாகும், இல்லாவிட்டால் காணாமல் போகும். மயிரிழை அமிலத்தில் தாங்காது. என் வாதமே இதற்குள் இருக்கிறது: புத்தகம் முன்னேற முன்னேற பியர்ட்ஸ்லி மயிரிழையை விட்டுவிட்டு ஒரே கனத்தில் கோடு, பெரிய கறுப்புப் பட்டை, வெறும் வெள்ளை என்று போனதற்கு ஜப்பானிய அச்சுப்படங்களின் மீதிருந்த மோகம் பாதி, துத்தநாகம் பாதி. எது பிளாக்கில் பிழைக்கும் என்று பார்த்துப் பார்த்தே அந்தப் பாணி பிறந்தது.

கோடன் | பிப்ரவரி 4, காலை 9.50

அமிலத்தில் தாங்காது என்றால் என்ன ஆகும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

துத்தநாகம் | பிப்ரவரி 4, காலை 11.30

வரைந்த தாளை வெட் கொலோடியன் (ஈரமாகவே ஒளி காட்டும் பழைய போட்டோ பூச்சு) தகட்டில் படம் பிடிப்பார்கள். நெகட்டிவ் இடவலம் மாறியிருக்க வேண்டும். லென்ஸ் முன் பிரிசம் வைப்பார்கள், அல்லது கொலோடியன் படலத்தையே உரித்துத் திருப்பிப் போடுவார்கள். மறந்தால் ஆர்தர் இடதுகையில் வாள் பிடிப்பார்.

துத்தநாகத் தகட்டில் பைக்ரோமேட் உப்பு கலந்த ஆல்புமென் (முட்டை வெள்ளைக்கரு) பூச்சு. நெகட்டிவ்வை அழுத்தி ஒளி காட்டினால் கோடு விழுந்த இடம் இறுகும். மேலே எண்ணெய் மையை உருட்டி, தண்ணீரில் பஞ்சால் துடைத்தால் இறுகாத இடம் மையோடு கழன்றுவரும். மிஞ்சியது மைக்கோடு. அதன்மேல் பிசின் பொடி தூவிச் சூடாக்கினால் அமிலத்தைத் தாங்கும் தோல் ஆகிறது. தகட்டின் முதுகுக்கும் விளிம்புக்கும் வார்னிஷ்.

இனி நீர்த்த நைட்ரிக் அமிலம், தட்டை ஆட்டிக்கொண்டே. சிக்கல் இங்கேதான். அமிலம் கீழே மட்டும் தின்னாது, பக்கவாட்டிலும் தின்னும். ஒரே மூச்சில் ஆழம் எடுத்தால் கோட்டின் அடிவயிறு கரைந்து, மேலே கூரை மட்டும் நிற்கும். அச்சில் நாலு தாள் ஓடியதும் அந்தக் கூரை உடையும். அதனால் கொஞ்சம் அரித்து, கழுவி, காயவைத்து, டிராகன்ஸ் பிளட் என்கிற சிவப்புப் பிசின் பொடியை நான்கு திசையிலிருந்தும் தூரிகையால் கோட்டின் பக்கச் சுவரில் ஒதுக்கி, சூடாக்கி, மறுபடி அமிலம். மூன்று நான்கு சுற்று. ஒரு திசையை விட்டுவிட்டால் அந்தத் திசைக் கோடுகள் மட்டும் மெலிந்து வரும். பழைய புத்தகங்களில் படுக்கைக் கோடு நன்றாகவும் நிமிர்ந்த கோடு நைந்தும் இருந்தால் இதையும் சந்தேகப்படலாம்.

விரிந்த வெள்ளைக்கு அமிலத்தின் ஆழம் போதாது. தாள் தொய்ந்து அடியைத் தொடும். அங்கே ரூட்டர். பிறகு மரக்கட்டையில் ஆணியடித்து எழுத்து உயரத்துக்கு, 0.918 அங்குலத்துக்கு, ஏற்றுவது.

டிரெடில்காரர் | பிப்ரவரி 4, இரவு 8.17

பிளாக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். மெஷினில் ஏற்றினால்தான் ரகளையே. பெரிய கறுப்பும் மெல்லிய கோடும் ஒரே பிளாக்கில் இருந்தால் இரண்டும் மாமியார் மருமகள். கறுப்புக்கு மை நிறைய வேண்டும், அழுத்தமும் வேண்டும். அந்த மையைக் கொடுத்தால் கறுப்புக்குள் விட்டுவைத்த வெள்ளைக் கோடு அடைபடும். மையைக் குறைத்தால் கறுப்பு உப்புப் பூத்த மாதிரி வரும்.

கெல்ம்ஸ்காட்டில் ஆல்பியன் கைப்பிரஸ், நனைத்த கைத்தயாரிப்புத் தாள், ஜெர்மனி ஹனோவரிலிருந்து வரவழைத்த கெட்டி மை. நனைந்த தாள் பதமாக அமுங்கி மையை இழுக்கும், குறைந்த மையில் ஆழ்ந்த கறுப்பு கிடைக்கும். காய்ந்த தாளில் அந்தக் கறுப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

காய்ந்த தாளில் ஓட்டுவதென்றால் வழி மேக்ரெடி, அதாவது அழுத்தத்தை இடத்துக்கு இடம் சரிசெய்வது. ஒரு புரூஃப் அடித்து, கறுப்புப் பட்டைகளை மட்டும் வெட்டியெடுத்து, தாளுக்குப் பின்னால் இருக்கும் பேக்கிங்கில் அதே இடத்தில் ஒட்டு. டிஷ்யூ தாள் ஒன்று, போதாவிட்டால் இரண்டு. வெட்டும்போது பட்டையின் ஓரத்துக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே வெட்டு, இல்லையென்றால் ஓரம் தாளைக் குத்திக் கிழிக்கும். தனியாக ஓடும் கோடுகளின் பின்னால் ஒரு தாளைக் கிழித்து எடு. இதற்கே அரைநாள் போகும். மை மெஷின் மை அல்ல, கெட்டி மை.

துத்தநாகம் | பிப்ரவரி 4, இரவு 8.55

டிரெடில் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மோர்ட் 1893 ஜூன் முதல் மாதப் பகுதிகளாக வந்தது, மொத்தம் 12. சாதாரணப் பிரதி 1500, டச்சுக் கைத்தயாரிப்புத் தாளில் 300. தாள் மாறினால் கறுப்பும் மாறும். ஸ்கேனை வைத்துப் பியர்ட்ஸ்லியின் கறுப்பு இப்படித்தான் என்று யாரும் தீர்ப்புச் சொல்லாமல் இருந்தால் புண்ணியம்.

கோடன் | பிப்ரவரி 6, காலை 10.44

சரி, வரைவதற்கு வருவோம். தாள், மை, நிப்பு?

துத்தநாகம் | பிப்ரவரி 6, மதியம் 12.26

தாள்: வழவழப்பான பிரிஸ்டல் போர்டு, நல்ல வெள்ளை. அன்றைய கொலோடியனுக்கு நீலம்தான் வெளிச்சம், மஞ்சளும் பழுப்பும் இருட்டு. பழுத்த தாள் கேமராவுக்கு அழுக்காகத் தெரியும், பூஞ்சைப் புள்ளி கரும்புள்ளியாக விழும். இதே காரணத்தால் வெளிர்நீலப் பென்சில் தகட்டில் விழாது. வழிகாட்டிக் கோட்டை அதில் போட்டால் அழிக்கும் வேலை மிச்சம். எழுதும் நீலக்கறுப்பு மையில் வரைந்தவர் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதும் இதனால்தான்.

மை: இந்தியன் இங்க், கெட்டியாக. பேனா ஓவியம் பற்றி எழுதிய ஜோசப் பென்னல் அமெரிக்க ஹிக்கின்ஸ் மையைச் சிபாரிசு செய்தவர். சாம்பலாக ஓடிய கோடு கண்ணுக்கு அழகு, தகட்டில் அங்கங்கே அறுந்த நூல். கோடு மெல்லியதாக வேண்டுமா, மெல்லியதாக இழுங்கள். மையில் தண்ணீர் விடாதீர்கள்.

நிப்பு: கில்லட் 303, 290, இன்னும் மெல்லியதற்குக் காக்கைச் சிறகு நிப்பான 659. கறுப்பு நிரப்பத் தூரிகை. நிப்பால் நிரப்பினால் தாள் கீறி, இடையில் வெள்ளைக் கீற்று நிற்கும்.

அளவு: அச்சளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவது வசதி. மூன்றில் இரண்டாகச் சுருங்கும்போது கை நடுக்கமும் சுருங்கும். ஆனால் கோடு மட்டுமா சுருங்கும்? இடைவெளியும்தான். 0.3 மி.மீ. இடைவெளி 0.2 ஆகும், அதற்குக் கீழே போனால் மை அடைக்கும். புதிதாக வருகிறவர்கள் கோட்டின் கனத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது வெள்ளையை. சுருக்கிக் காட்டும் குழிவில்லை வழியாகப் பாருங்கள், சுருங்கின படம் ஏறக்குறையத் தெரியும். சாம்பல் மூட்டமாகத் தெரியும் இடமெல்லாம் பிளாக்கில் கரி.

திருத்தம்: சைனீஸ் வைட். அதன்மேல் மறுபடி மை போட்டால் பிசிறும். நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரே இழுப்பு. தடித்த வைட் பக்கவிளக்கில் நிழல் விழுத்தும், கேமரா அந்த நிழலையும் கோடு என்று எடுத்துக்கொள்ளும்.

துத்தநாகம் | பிப்ரவரி 6, மாலை 5.03

பியர்ட்ஸ்லியின் கைமுறையைச் சொல்ல விட்டுப்போனது. நண்பர் ராபர்ட் ராஸ் விவரித்திருக்கிறார்: தாள் முழுக்கப் பென்சில் கிறுக்கல், அழிப்பு, மறுபடி கிறுக்கல், ரப்பரும் கத்தியும் பட்டுத் தாளே நைந்துபோகும். அதன்மேல் சீன மையும் தங்கப் பேனாவும். பென்சில் ஒரு பக்கம் போக, மை தன் வழியில் போகும். பிறகு பென்சிலை அழிப்பார்.

அந்த ஒரே கனக் கோட்டின் ரகசியம் இந்தத் தங்க நிப்புதான். தங்கம் ஸ்டீல் போல வளையாது.

டிரெடில்காரர் | பிப்ரவரி 6, இரவு 9.12

தங்கம் வளையாதா? ஆசாரியிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

துத்தநாகம் | பிப்ரவரி 7, காலை 6.50

வாங்கிக்கட்டிக்கொண்டேன். அந்தக் காலத்துத் தங்க நிப்புகளில் நன்றாக வளைந்து கொடுப்பவையும் உண்டு. கனம் மாறாத கோடு கை அழுத்தத்தால் வருவது, உலோகத்தால் அல்ல. தங்க நிப்பால் உறுதியாகச் சொல்லக்கூடிய நன்மை வேறு: மை அதை அரிக்காது. ஸ்டீல் நிப்பில் இந்தியன் இங்க் காய்ந்து ஒட்டி, பிளவு அடைத்து, திடீரென்று ஒரு சொட்டு விழும். தண்ணீரில் நனைத்த துணி பக்கத்திலேயே இருக்கட்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைப்பு.

அந்தக் கிறுக்கல் முறையைப் பின்பற்ற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் தேய்த்த இடத்தில் தாளின் பசை மேற்பூச்சு போய்விடும், மை நூல்விட்டுப் பரவும். மையிட்ட பின் அழித்தால் கறுப்பின் மேல்தோல் ரப்பரோடு வந்து சாம்பலாகும். அழித்தே ஆக வேண்டுமென்றால், அழித்த பிறகு கறுப்புகளை இன்னொரு கை பூசிவிட்டுத்தான் கேமராவுக்கு. நம்மைப் போன்றவர்கள் வேறு தாளில் முடித்துவிட்டு நகல் எடுப்பதே மேல்.

கோடன் | பிப்ரவரி 7, மதியம் 3.33

ஒரு குறும்புக் கேள்வி. இவ்வளவு கறுப்பு நிரப்பியது வேலை சீக்கிரம் முடியத்தானே? மாதாமாதம் கொடுக்க வேண்டுமே.

துத்தநாகம் | பிப்ரவரி 7, மாலை 4.10

சிரித்துவிட்டுத் தள்ள முடியாத கேள்வி. முழுப்பக்கம், இரட்டைப்பக்கம் சேர்ந்து சுமார் 20, அதோடு கரைகள், அத்தியாயத் தலைப்புகள், எழுத்தணிகள், எல்லாமாக 350-ஐத் தாண்டும். நடுவழியில் அவருக்கு அலுத்துவிட்டது, அது பதிவான சங்கதி. அலுப்பு எங்கே தெரிகிறது என்றால் கறுப்பில் அல்ல, அத்தியாயத் தலைப்புகளில். ஒரே பிளாக் பல இடத்தில் திரும்ப வருகிறது. மாலரியின் கதைக்குச் சம்பந்தமில்லாத ஆட்டுக்கால் சாட்டிர்கள் (கிரேக்கப் புராண வனதேவர்கள்) வந்து உட்காருகின்றன. 1485-ல் காக்ஸ்டன் அச்சிட்ட கிறிஸ்தவ வீரக்கதையில் இவர்களுக்கு என்ன வேலை!

கறுப்பு சோம்பேறித்தனம் இல்லை. கறுப்புக்கு நடுவே வெள்ளைக் கோட்டை விட்டுவைத்து வரைவது வலை இழுப்பதைவிடக் கஷ்டம். இரண்டு பக்கமும் கரை பிசகாமல் வர வேண்டும். எக்ஸ்காலிபரை ஏரியில் எறியும் படத்தை எடுத்துக்கொண்டு, கறுப்பைப் பார்க்காமல், மிச்சமிருக்கும் வெள்ளையின் உருவத்தை மட்டும் டிரேஸ் எடுத்துப் பாருங்கள். புரியும்.

டிரெடில்காரர் | பிப்ரவரி 7, இரவு 10.05

மோரிஸ் இதைப் பார்த்துக் கொதித்தாராமே?

துத்தநாகம் | பிப்ரவரி 8, காலை 8.20

கொதித்தார். தன் சொத்தில் கைவைத்ததாக நினைத்தார். டெண்டுக்குக் கண்டனம் எழுதக் கிளம்பியவரைப் பர்ன்-ஜோன்ஸ் தடுத்துவிட்டார். பியர்ட்ஸ்லியோ நண்பருக்கு எழுதிய கடிதத்தில், மோரிஸ் செய்வது பழசின் நகல், என்னுடையதுதான் புதுசு என்கிற தொனியில் எழுதினார். இருபது வயதுத் திமிர். ஆனாலும் பாதி உண்மை.

மறுபாதியையும் சொல்ல வேண்டும். துத்தநாகத்தின் தரப்பில் நின்று வாதாடியவர் ஜோசப் பென்னல். 1893 ஏப்ரலில் ‘ஸ்டூடியோ’ கலைப் பத்திரிகையின் முதல் இதழில் பியர்ட்ஸ்லியை அறிமுகம் செய்தபோது, வெட்டுகிறவர் குறுக்கே வராமல் ஓவியரின் கோடே அச்சாவதைக் கொண்டாடினார். அது ஒரு பக்க நியாயம். மரம் வெட்டுகிறவர் பிழையைத் திருத்துவார், துத்தநாகம் பிழையையும் சேர்த்து அச்சடிக்கும். வால்டர் கிரேன் 1894-97-ல் ஸ்பென்சரின் ‘ஃபேரி குயின்’ நூலுக்கு வரைந்த பக்கங்களும் பேனா வேலையே. என் கண்ணுக்கு அங்கே கோடு நெருங்கிப் பக்கம் முழுக்க ஒரே இரைச்சல்.

இடையில் ஒரு தகவல். சாசர் அடித்த அந்த ஆல்பியன் பிரஸ் பிற்பாடு யார் கையில் இருந்தது தெரியுமா? கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. முத்து குமாரசுவாமியின் மகன். இங்கிலாந்தில் பிராட் காம்ப்டன் என்ற ஊரில் தன் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலை அதில்தான் அச்சிட்டார். 1907 செப்டம்பரில் தொடங்கி 1908 டிசம்பர் வரை, 425 பிரதி. சாசரின் தாள் பிரதிகளும் 425-தான்.

டிரெடில்காரர் | பிப்ரவரி 8, காலை 9.01

அந்தப் பிரஸ் இப்போது எங்கே இருந்தாலும் என்னிடம் இல்லை. அதுதான் வருத்தம்.

கோடன் | பிப்ரவரி 10, காலை 11.15

துத்தநாகம் செய்ய இங்கே ஆள் கிடைக்கவில்லை. பாலிமர் பிளேட்தான் கிடைக்கிறது. மேலே சொன்ன விதிகள் அதற்கும் பொருந்துமா?

டிரெடில்காரர் | பிப்ரவரி 10, மதியம் 12.40

பாதி பொருந்தும். அமிலம் இல்லை, ஒளி பட்டது இறுகும், மீதி தண்ணீரில் கழுவிப் போகும். ஒளி குறைந்தால் தனிப்புள்ளியும் மெல்லிய கோடும் கழுவும்போதே பிய்த்துக்கொண்டு போகும். கூடினால் கறுப்புக்குள் விட்ட வெள்ளைக் கோடு அடைபடும். பியர்ட்ஸ்லி பாணிக்கு இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. அதனால் வரையும்போதே கறுப்புக்குள் இருக்கும் வெள்ளைக் கோட்டை, வெளியே ஓடும் கறுப்புக் கோட்டைவிடக் கொஞ்சம் தடிமனாக விடு. அச்சில் இரண்டும் ஒன்றுபோல வரும்.

ஸ்கேன் 1200 டிபிஐ, கறுப்பு வெள்ளை மட்டும், கிரே வேண்டாம். ஃபிலிமில் கறுப்பு கெட்டியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

துத்தநாகம் | பிப்ரவரி 10, மதியம் 12.58

ஃபிலிம் நெகட்டிவ் எடுக்கும்போது, எமல்ஷன் (ஒளி உணரும் பூச்சு) பக்கம் மேலே இருக்கப் படம் நேராகத் தெரிய வேண்டும். அந்த எமல்ஷன் பக்கம்தான் பிளேட்டைத் தொட வேண்டும். இல்லையென்றால் இடதுகை ஆர்தர்.